மெட்டுப் போட்டால்தான் வெந்நீர்

காணிக்கைப் பை எங்கள் வரிசையை நெருங்கிக்கொண்டிருந்தது. பாடகர் குழு எழுந்து நின்றது. ஆர்கன் முதல் வரியை வாசித்து முடிப்பதற்குள் என் மகள் ஷீபா என் கையை நறுக்கென்று கிள்ளினாள். நான் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். என்ன வரப்போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கையால் தொடையில் தாளம் போட்டார். பாடகர் குழுவிலேயே பழுத்த அந்தக் கட்டைக் குரலை எடுத்து, சபை முழுவதற்கும் கேட்கும்படி, கீர்த்தனையின் மெட்டு துளியும் பிசகாமல் பாடினார்.

"பாத்ரூம் போகணும்... சீக்கிரம் வா... கதவைத் திற..."

வாசலில் நின்ற வரவேற்புக் குழுக்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கமாகத் தாங்கிப் பிடித்து, பக்கவாட்டுக் கதவு வழியாக அவரைக் கழிவறைக்கு அழைத்துப் போனார்கள். உண்மையில் அவருக்கு அப்படி ஒரு அவசரமும் இல்லை. ஆனால் "வேண்டாம்" என்று சொல்வதற்கு அதுவரை நாங்கள் மெட்டுப் போட்டிருக்கவில்லை. அதனால் மனிதர் மறுப்பு சொல்லாமல் போய்விட்டார்.

எங்கள் பெஞ்சு ஆடிக்கொண்டிருந்தது. நானும் ஷீபாவும் சிரிப்பை அடக்கப் பார்த்ததில் வந்த ஆட்டம் அது. பின்வரிசை அம்மா நாங்கள் அழுகிறோம் என்று நினைத்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார். "அழாதீங்க டீச்சர், ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார். அதற்குப் பிறகு சுத்தமாக அடக்க முடியவில்லை.

கணக்கு டீச்சராக நான் பண்ணிய அட்டகாசங்களைப் போன வாரம் எழுதியிருந்தேன். "உங்களுக்குச் சிரிக்கவே தெரியாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருக்காகத்தான் இந்த வாரம்.

பேச்சு போனது

செல்போனில் நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனா காணாமல் போக ஆரம்பித்திருந்த காலம். நாங்கள் பம்மலில், மும்தாஜ் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தோம். கணவருக்கு ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லேப் அசிஸ்டென்ட் வேலை. எனக்குக் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம்.

ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, பக்கவாதம் என்றார்கள்.

உயிர் பிழைத்தார். கால் சீக்கிரம் வழிக்கு வந்தது. வலது கை அரைகுறையாக வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "தா... தா..." மட்டும்தான். எழுதிக் காட்டவும் வராது.

முதலில் கோபப்பட்டார். டம்ளரைத் தள்ளிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. பிறகு கோபப்படுவதையே விட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். குளிக்கச் சொன்னால் குளிப்பார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பாட்டு வந்தது

ஒரு சாயங்காலம், அவர் பல வருஷமாகப் பாடிவந்த சபைப் பாடகர் குழுவினர் பார்க்க வந்தார்கள். ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேச வராதவரிடம் என்னத்தைப் பேசுவது? கடைசியில் ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கிளம்பலாம் என்று முடிவு செய்தார்கள்.

இரண்டாவது வரியில் கீழிருந்து ஒரு கட்டைக் குரல் சேர்ந்துகொண்டது. எங்கள் நாற்காலியிலிருந்துதான்! "தா, தா" இல்லை. முழு வார்த்தைகள். வரி வரியாக, முழுப் பாட்டும்.

பாடியவர்கள் திகைத்துப்போய் நிறுத்தினார்கள். அவரும் நின்றுவிட்டார். "ஏங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். "தா" என்றார். மறுபடி பாடினார்கள். மறுபடி வார்த்தைகள் கொட்டின.

கீழ்வீட்டு மும்தாஜ் அக்கா, மாவு பிசைந்த கையோடு மாடிப்படி ஏறி ஓடி வந்தார். "டீச்சர், சாருக்குப் பேச்சு வந்துருச்சா?"

"இல்லக்கா. பாட்டு வந்திருக்கு."

அக்கா மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். என் பச்சைப் புடவையில் அந்தக் கைத்தடம் துவைத்தும் முழுசாகப் போகவில்லை.

குரோம்பேட்டையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் திவ்யா. படித்து முடித்துப் புதிதாக வேலைக்கு வந்தவள். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "ஆன்ட்டி, பேச்சு மூளையோட ஒரு பக்கத்துல இருக்கு. பாட்டு பெரும்பாலும் இன்னொரு பக்கத்துல. அங்கிளுக்கு அடிபட்டது பேச்சு இருக்கிற பக்கம். எல்லாருக்கும் இப்படி வராது. வர்றவங்களுக்குப் பாட்டு வழியா வார்த்தையை வெளியில கொண்டு வரலாம். கொஞ்சம் பொறுமை வேணும்" என்றாள்.

பொறுமை என்பது என்னிடம் இல்லாத சரக்கு. ஆனால் மெட்டு எங்கள் வீட்டில் மூட்டை மூட்டையாக இருந்தது.

மாப்பிள்ளைக்கு வாய் உண்டா?

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். இவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது கேசரி சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், எங்கள் வீட்டு ஃபேனைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உள்ளே போய் என் அம்மாவிடம், "மாப்பிள்ளைக்கு வாய் பேச வருமா, வராதா? கேட்டுச் சொல்லு" என்றேன்.

அந்தக் கேள்வி கூடத்துக்குக் கேட்டுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பதறிப்போய், "தம்பி நல்லா பாடுவான்" என்றார்கள். பாடச் சொன்னார்கள். பாடினார். ஜன்னல் கம்பி அதிர்கிற மாதிரி ஒரு குரல். சரி, இந்தக் குரலோடு குடித்தனம் நடத்தலாம் என்று தலையாட்டிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் பேச்சு அளவோடுதான். என்னை ஒரு நாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். நான்கு பேர் இருந்தால் அதுவும் கிடையாது, ஒரு செருமல்தான். காப்பிக்கு ஒரு செருமல், சாவியைக் காணோம் என்றால் வேறொரு செருமல். எனக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. நான் மட்டும் என்ன, "ஏங்க"வைத் தாண்டினேனா?

ஷீபாவின் இசையமைப்பு

திவ்யா சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது. தெரிந்த மெட்டில் புது வார்த்தையைப் போட வேண்டும். அவர் இடது கையைப் பிடித்து ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு. முதலில் சேர்ந்து பாட வேண்டும், பிறகு நாம் முணுமுணுக்க வேண்டும், பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி பாகம்தான் எனக்கு மிகவும் கஷ்டம்.

காலேஜில் படித்துக்கொண்டிருந்த ஷீபா இசையமைப்பாளர் ஆனாள். எங்கள் வீட்டில் எல்லாமே சபைப் பாட்டு என்பதால் அந்த மெட்டுகளையே எடுத்தாள். வெந்நீருக்குப் புனித வெள்ளி மெட்டு. அது இழுவையோ இழுவை. அவர் வெந்நீர் கேட்டு முடிப்பதற்குள் அடுப்பில் தண்ணீர் கொதித்துவிடும். காப்பிக்குக் கிறிஸ்துமஸ் மெட்டு, கைதட்டலோடு. சானல் மாற்றுவதற்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அபிநயம் பிடித்துப் பாடும் பாட்டு. ரசத்துக்கு, மணப்பெண் கோயிலுக்குள் நடந்து வரும்போது ஆர்கனில் வாசிக்கும் மெட்டு. நான் ரசக் கிண்ணத்தோடு அடிமேல் அடி வைத்து வந்து ஊற்றுவேன்.

நாங்களும் பாடித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று திவ்யா சொல்லியிருந்தாள். "எனக்கெல்லாம் பாட்டு வராது டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே மும்தாஜ் அக்கா எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவார். அவருடைய கணவர் பம்மலில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். மத்தியானம் சாப்பிட வருகிறவர் கீழிருந்து, "மேல இன்னிக்கு என்ன கச்சேரி?" என்று கேட்டுவிட்டுத்தான் கை கழுவுவார்.

பாத்ரூம் சமாச்சாரத்துக்குத்தான் நிறைய யோசித்தோம். அவசரத்தில் மறக்காத மெட்டாக இருக்க வேண்டும். வாராவாரம் பாடும் காணிக்கைப் பாட்டு அவருக்குத் தூக்கத்திலும் வரும். அதையே போட்டோம். அந்தப் பாட்டு ஞாயிற்றுக்கிழமையும் வரும் என்பதைக் கணக்கு டீச்சரும் யோசிக்கவில்லை, காலேஜ் மாணவியும் யோசிக்கவில்லை.

சிரித்ததற்குக் கூலி

சபையில் நடந்ததைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஆண்டவர் சந்நிதியில் அவமரியாதை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். காப்பிக்கு நான் பாடினேன், கைதட்டினேன், ஆடிக்கூடக் காட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. பாத்ரூமில் தரையில் உட்கார்ந்திருந்தார். வழுக்கி விழுந்திருக்கிறார். எழுந்திருக்க முடியவில்லை. அடி பெரிதாக இல்லை. ஆனால் எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறாரோ தெரியவில்லை, உடம்பு சில்லென்று இருந்தது. மாடியில் நான் இருந்தேன், கீழே அக்கா இருந்தார். அவருக்குக் கூப்பிடத் தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவருக்காக லீவில் இருந்த நான், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வேலைக்கு வர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். கூப்பிடத் தெரியாத மனிதரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? அவரை எழுப்பி உட்காரவைத்துவிட்டு, சமையல்கட்டில் நின்று அழுதேன். ராஜினாமா செய்வதைத் தவிர வழியில்லை என்று தோன்றியது.

பாஸ்டரின் மௌன ஜெபம்

செவ்வாய்க்கிழமை பாஸ்டர் வந்தார். கண்டிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பாஸ்டர் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணே, ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். காணிக்கைப் பாட்டு முடிஞ்சதும் நான் ஜெபம் பண்ணணும், இல்லையா? கண்ணை மூடுனா உங்க பாத்ரூம் கதவுதான் வருது. வாயைத் திறந்தா சிரிச்சிடுவேன். அதான், எல்லாரும் கொஞ்ச நேரம் மௌனமா ஜெபிப்போம்னு சொல்லிட்டுத் திரும்பி நின்னுட்டேன். எவ்வளவு பக்தியான பாஸ்டர்னு நாலு பேர் கை கொடுத்துட்டுப் போனாங்க."

என் கணவரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. சிரிக்கிறார்! பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வர, சத்தமாகச் சிரிக்கிறார். நோய் வந்த பிறகு அன்றுதான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். சிரிப்பதற்குப் பேச்சு எதற்கு?

போகும்போது பாஸ்டர் வாசலில் நின்று, "ஒண்ணு, நான் பாட்டை மாத்துறேன். இல்லன்னா நீங்க மெட்டை மாத்துங்க. இன்னொரு வாரம் என்னால தாங்க முடியாது" என்றார்.

தெருவில் கிடைத்த மெட்டு

மெட்டை மாற்றுவது என்று முடிவானது. வேறு மெட்டுக்கு எங்கே போவது? "வாசல்ல போகுது பாருங்க" என்றார் மும்தாஜ் அக்கா. கீரைக்காரம்மா போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் உப்பு வண்டி. அதற்குப் பின்னால் பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக். எல்லோரும் ராகம் போட்டுத்தான் கூவினார்கள். இவ்வளவு வருஷமும் கேட்டிருக்கிறேன், பாட்டாக நினைத்ததில்லை.

என் கணவருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. யாரையும் அவமதிக்கவில்லை என்ற நிம்மதி. கீரைக்காரம்மா மெட்டில் "காப்பீய்ய்ய்" என்று ஒரு நாள் ஜன்னலோரம் நின்று நீட்டி முழக்கினார். கீழே தெருவில் கூடை நின்றது.

"இன்னா சார், போட்டிக்கு யாவாரமா?" என்று அண்ணாந்து கேட்டார் கீரைக்காரம்மா. "குரல் சும்மா கணீர்னு கீது. நாளைக்கு என்கூட வா, பாதிக் கூடை நீ தூக்கு."

திவ்யாவிடம் சொன்னபோது துள்ளினாள். "ஆன்ட்டி, இது கூப்பிடுறதுக்குன்னே உண்டான மெட்டு! தூரத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்கணும்னு போட்டது. இதுலயே உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட வைங்க. அது வந்துட்டா நீங்க தைரியமா வேலைக்குப் போகலாம்."

"நான் ஸ்கூலுக்குப் போயிட்டா என்னைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்?" என்றேன்.

"யார் பேரா இருந்தா என்ன டீச்சர், சத்தம் கேட்டா நான் ஓடி வர மாட்டேனா?" என்றார் கூட வந்திருந்த அக்கா.

"அங்கிள், ஆன்ட்டி பேர் என்ன?" என்று கேட்டு இடது கையைத் தட்டினாள் திவ்யா.

அவர் ஃபேனைப் பார்த்தார். காது சிவந்தது. திவ்யா மறுபடி தட்டினாள். அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், செருமினார். தலையைக் குனிந்துகொண்டு ஒரு சிரிப்பு. திவ்யா கவலையோடு ஏதோ எழுதிக்கொண்டாள்.

"எழுதாதம்மா" என்றேன். "இது மூளை சமாச்சாரம் இல்ல. கல்யாணமான நாள்லேருந்து இருக்கிற வியாதி."

"அப்ப உங்களை என்னன்னு கூப்பிடுவார்?"

"இந்தா."

"அதையே மெட்டுப் போடலாமே?"

"வேண்டவே வேண்டாம்" என்றாள் எங்களோடு வந்திருந்த ஷீபா. "தெருவுல நின்னு இந்தான்னு கத்துனா, எல்லா பொம்பளைங்களும் சண்டைக்கு வருவாங்க."

அன்றிலிருந்து தினமும் பயிற்சி. உப்பு மெட்டில் கேட்டோம், கீரை மெட்டில் கேட்டோம். காப்பி வரும், பேப்பர் வரும், ஷீபா என்றுகூட வந்துவிட்டது. என் பெயர் வரும் இடத்தில் மட்டும் மனிதர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் காலண்டரைப் பார்த்தால் மே மாதம் முடிந்துகொண்டிருந்தது. ராஜினாமாக் கடிதத்துக்கு வெள்ளைத் தாள் வாங்கி வைத்துவிட்டேன்.

தாம்பரத்தில்

அந்தக் கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம் மேற்குத் தாம்பரத்துக்குப் போனோம். வேலைக்குப் போகிறேனோ இல்லையோ, ஒரு புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்க வேண்டியிருந்தது. ஸ்டேஷன் பக்கத்துக் கரும்புச் சாறு வண்டியோரம் அவரை நிறுத்தி, கையில் டம்ளரைக் கொடுத்து, "இங்கேயே நில்லுங்க, அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனேன்.

கடைக்காரர் ஒரே நிறத்தில் பதினாறு ரகம் எடுத்துப் போட்டால் அஞ்சு நிமிஷம் எப்படிப் போதும்? துணியோடு வெளியே வந்தபோது ரயில் ஒன்று வந்து நின்று, ஸ்டேஷன் வாசலிலிருந்து கூட்டம் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. கரும்புச் சாறு வண்டியோரம் அவர் இல்லை.

கூட்டத்தில் இடித்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் ஓடினேன். பிறகுதான் கண்ணில் பட்டார். கூட்டம் தள்ளிக்கொண்டு போய் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் விட்டிருக்கிறது. காலி டம்ளர் இன்னும் கையில் இருந்தது. என்னைத் தேடிக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். உதடு "தா... தா..." என்று அசைகிறது. அவரைச் சுற்றி டிரைவர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"பம்மல் பம்மல் பம்மல்! அனகாபுத்தூர்ர்ர்!"

அவர் கூவியவரைப் பார்த்தார். டம்ளரை வலது கைக்கு மாற்றினார். இடது கை தொடையில் தட்ட ஆரம்பித்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"ஞானமலர் ஞானமலர் ஞானமலர்ர்ர்!"

ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன் சத்தத்தையெல்லாம் அமுக்கிக்கொண்டு வந்தது அந்தக் குரல். அதே பம்மல் மெட்டு. அதே இழுப்பு. பூக்காரி திரும்பிப் பார்த்தார். டிக்கெட் வரிசை திரும்பிப் பார்த்தது.

"இன்னா சார், அது எங்க கீது? நம்ம வண்டி அனகாபுத்தூரோட கட்" என்றார் டிரைவர்.

"புதுசு புதுசா நகர் போட்டுகினே கீறானுங்க, யாருக்குத் தெரியும்?" என்றார் அடுத்த வண்டிக்காரர்.

என் கணவர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். வெட்கம் விட்டுப்போன சிரிப்பு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக, மறுபடி ஆரம்பித்தார்.

சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு ஆட்டோதான். கையைத் தூக்கியிருக்கலாம். "இதோ இருக்கேங்க" என்று குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் கேட்காத பெயர் அது. இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டுமே என்று, துணிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த ஆட்டோவுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.